தினமும் கொஞ்சம்: மலையில் ஒரு பழக்கம் மார்கழிப் பனியையும் ஆடிச் சாரலையும் தாண்ட என்ன வழி?

கேத்தி_கேரட் (இழையைத் தொடங்கியவர்)

ஜனவரி ஒண்ணாம் தேதி நடை, ரெண்டு பக்கம் வாசிப்பு, செலவுக் கணக்கு, இங்கிலீஷ்ல அஞ்சு வார்த்தைன்னு வரிசையா ஆரம்பிக்கிறோம். பொங்கல் கரும்பு தீர்றதுக்குள்ள எல்லாம் நின்னு போகுது. சோம்பேறித்தனம்னு ஒரே வார்த்தையில முடிச்சுடலாம், ஆனா அது மட்டும் காரணமா தெரியல. நமக்கு வர்ற அறிவுரை எல்லாம் சமவெளிக்காரங்க எழுதினது. "காலை 5 மணிக்கு எழுந்து ஓடு" என்பாங்க. ஊட்டியில ஜனவரியில சூரியன் எட்டிப் பார்க்கவே 6.45 ஆகுது. 5 மணிக்கு இருட்டுல டார்ச் அடிச்சுக்கிட்டுப் போனா காட்டுமாடு கூடத்தான் ஓடணும்.

நாலு கேள்வி. எதோட கட்டி வைக்கிறது? எவ்வளவு செய்யறது? எத்தனை நாள்ல ஒட்டும்? வளர்றோமா இல்லையான்னு எதை வச்சுத் தெரிஞ்சுக்கிறது?

ஒரு வேண்டுகோள்: "நான் இப்படித்தான் மாறினேன்" கதை வேண்டாம். முறை, அளவு, எங்க உடையுது, ஏன் உடையுது, இதை மட்டும் எழுதுங்க.

---

கூக்கல்மேகம்

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் பொய் அதிகம். "21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்" என்பது 1960-இல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் எழுதியதிலிருந்து கிளம்பியது. முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் புது முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றுதான் அவர் சொன்னார். "குறைந்தது" வழியில் உதிர்ந்துவிட்டது. முகம் போய் பழக்கம் வந்துவிட்டது.

உண்மையில் அளந்து பார்த்தது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழு. 2009-இல் இணையத்திலும் 2010-இல் அச்சிலும் வந்த ஆய்வு. 96 பேர், 84 நாள். ஆளுக்கு ஒரே ஒரு செயல், ஒரே ஒரு தூண்டுதல்: "காலை உணவுக்குப் பிறகு" என்பது போல. யோசிக்காமலே கை போகிறதா என்று தினமும் பதிந்தார்கள். நடு மதிப்பு 66 நாள். ஆனால் வீச்சைப் பாருங்கள்: 18 நாளிலிருந்து 254 நாள் வரை (84 நாளைத் தாண்டிய எண்கள், பதிந்த வளைவை முன்னோக்கி நீட்டிக் கணித்தவை). தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் ஒட்டின. உடற்பயிற்சிக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு காலம் பிடித்தது.

அதில் இரண்டு செய்தி நமக்கு முக்கியம். ஒட்டும் வேகம் நேர்க்கோடு இல்லை. ஆரம்ப நாட்களில் ஒவ்வொரு தடவையும் நிறைய ஏற்றும், பிறகு மெதுவாகத் தட்டையாகும். அதாவது முதல் மூன்று வாரம் விடாமல் செய்வதற்குத்தான் மதிப்பு அதிகம். இரண்டாவது, நடுவில் ஒரு நாள் விட்டவர்களுக்கு அந்த வளைவில் சொல்லும்படியான பள்ளம் எதுவும் விழவில்லை.

---

குன்னூர்_வர்க்கி

அப்போ காலண்டரை எடுத்துப் பார்ப்போம். ஜனவரி 1-ல ஆரம்பிச்சா 66-ஆவது நாள் மார்ச் 7. நல்ல வெயில், பிரச்சனை இல்ல. 254-ஆவது நாள் செப்டம்பர் 11. நடுவுல தென்மேற்குப் பருவமழை மொத்தமும் வந்து போயிடும். கூடலூர்ப் பக்கம் ஜூலையில குடை பிடிச்சும் நனையாம வீடு வந்து சேர முடியாது. வெளிய போய்ச் செய்யற பழக்கம் எதுவும் அங்க செத்துடும்னு இப்பவே எழுதி வச்சுக்கலாம்.

---

கோத்தகிரி_கவாத்து

வர்க்கி சொல்றது சரிங்க. அதனாலதான் முதல் கேள்வி, எதோட கட்டறதுங்கிறது, இங்க தனியா யோசிக்க வேண்டியதா இருக்குது. மணியோட கட்டினா மலையில நிக்காதுங்க. பனி இறங்கினா முதல் பஸ் லேட்டு. மரம் விழுந்தா கரண்ட் இல்ல. ஜூன்ல 6 மணிக்கு வெளிச்சம், ஜனவரியில 6 மணிக்கு கும்மிருட்டு. 6 மணிங்கிறது ஒரே நேரம் மாதிரி தெரியும், ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல.

மணிக்கு பதிலா, எந்த நாளும் நடந்தே தீர்ற ஒரு வேலையைத் தேடுங்க. அதைக் கொக்கின்னு வச்சுக்குவோம். கொக்கிக்கு மூணு பரிட்சை: வருஷம் 365 நாளும் நடக்குதா, விருந்தாளி வந்தாலும் நடக்குதா, அது முடியற நொடி தெளிவாத் தெரியுதா. "சாப்பிட்டப்புறம்" பாஸ் ஆகாதுங்க. சாப்பாடு எப்ப முடியுதுன்னு யாருக்கும் தெரியாது, பேச்சு நீளும். "தட்டைக் கழுவிக் கவுத்து வச்சதும்" பாஸ்.

நம்ம ஊருக்குன்னே ஒரு நல்ல கொக்கி வெந்நீர். 15 லிட்டர் கீசர், 2 கிலோவாட். தண்ணி 15 டிகிரியில இருந்து 50 டிகிரிக்கு ஏற 18 நிமிஷம் ஆகும். டிசம்பர்ல டேங்க் தண்ணி 10 டிகிரிக்கு இறங்கிட்டா 21 நிமிஷம். சுவிட்சைத் தட்டிட்டு எல்லாரும் எப்படியும் காத்துக்கிட்டுத்தான் நிக்கறோம். அந்த 18 நிமிஷம் தானா வர்றது, யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்ல. "கீசர் சுவிட்சைப் போட்டா, அடுத்த கை நாற்காலி மேல இருக்கற புத்தகத்துக்குப் போகும்." இப்படி "இது நடந்தா இது" ங்கிற வடிவத்துல எழுதி வைக்கறது சும்மா விருப்பத்தை விட நல்லா வேலை செய்யுதுன்னு பீட்டர் கால்விட்சர்ங்கிற உளவியலாளர் 1999-லயே ஆய்வுகளைத் தொகுத்து எழுதியிருக்காரு.

ஒரு ஓரச் செய்தி. வோல்டேஜ் இறங்கினா கீசர் அதே விகிதத்துல இல்ல, இன்னும் மோசமாத் தூங்கும். 230 வோல்ட் 180 ஆனா 2 கிலோவாட் கீசர் 1.2 தான் குடுக்கும், 18 நிமிஷ வேலை அரை மணி நேரம் ஆகும். வாசிக்கறவங்களுக்கு லாபம்.

கரண்டே இல்லாத நாளைக்கு மாத்துக் கொக்கி இப்பவே எழுதி வைக்கணும்: "அடுப்புல அண்டா ஏத்தினதும்." அன்னைக்கு யோசிச்சுக்கலாம்னு விட்டா அன்னைக்கு யோசிக்க மாட்டோம்.

---

மஞ்சூர்க்காரி

கவாத்து அண்ணா கொக்கியைச் சொல்லிட்டாரு. நான் அளவைச் சொல்றேன்.

ஒவ்வொரு பழக்கத்துக்கும் ரெண்டு அளவு வேணும். ஒண்ணு முழு அளவு. இன்னொண்ணு அடி அளவு: காய்ச்சல் விட்ட மறுநாளும், கீழ கல்யாணத்துக்குப் போய்ட்டு ராத்திரி 11 மணிக்கு கொண்டை ஊசி வளைவுல வாந்தி எடுத்து வீடு வந்து சேர்ந்த நாளும் செய்ய முடியறது. 2 நிமிஷத்தைத் தாண்டக் கூடாது.

நடை: முழு அளவு 25 நிமிஷம், அடி அளவு செருப்பு மாட்டி கேட் வரைக்கும் போய்ட்டு வர்றது.
வாசிப்பு: முழு அளவு 10 பக்கம், அடி அளவு ஒரு பத்தி.
கால் பலம்: முழு அளவு நாற்காலியில 10 தடவை உட்கார்ந்து எழுந்திருக்கிறது, அடி அளவு 2 தடவை.

எல்லாரும் பண்ற தப்பு, முழு அளவை மட்டும் வச்சுக்கிட்டு, முடியாத நாள்ல பூஜ்யம் போடறது. இன்னொரு தப்பு, அடி அளவையே 15 நிமிஷம்னு வைக்கறது. அது அடி அளவு இல்ல, வெட்கப்பட்டுக்கிட்டு நிக்கற முழு அளவு.

அடுத்தது தடை. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எத்தனை கை வேலை இருக்குன்னு எண்ணிப் பாருங்க. குளிர் காலத்துல நடைக்குப் போக: கம்பளியை விலக்கணும், ஸ்வெட்டர் தேடணும், குல்லா தேடணும், சாக்ஸ் ஜோடி சேர்க்கணும், ஈர ஷூவை விட்டு வேற ஷூ எடுக்கணும், டார்ச் எடுக்கணும். ஆறு. ஆறுல ஒண்ணுலயாவது மனசு திரும்பிப் படுத்துடும். மூணுக்கு மேல போகக் கூடாதுங்கறது என் கணக்கு. ஸ்வெட்டருக்குள்ளயே குல்லாவைத் திணிச்சு, சாக்ஸை ஷூவுக்குள்ள போட்டு, ஷூவை அடுப்பங்கரைப் பக்கம் வச்சுட்டா மூணாயிடும். ஈர ஷூவுக்குள்ள பேப்பரைச் சுருட்டித் திணிச்சு வச்சா காலையில பாதி காஞ்சிருக்கும். அடுப்பு மேலயே வைக்காதீங்க, அடி ஒட்டு விட்டுடும்.

நடை நேரம்: நல்லா வெளிச்சம் வந்தப்புறம்தான். தேயிலைத் தோட்ட ஓரம் விடியறதுக்கு முன்னாடியும் இருட்டினப்புறமும் கரடியும் காட்டுமாடும் நடமாடற நேரம். இதுல வீரம் வேண்டாம். விடிஞ்சப்புறம் நேரம் இல்லாதவங்க நடையை மத்தியானத்துக்கு மாத்துங்க, இல்ல வீட்டுக்குள்ள படி ஏறுங்க.

இறக்கத்தைப் பத்தி ஒண்ணு. ஏத்தத்துல மூச்சு வாங்கும், அது தெரியும். தொடையைப் பதம் பார்க்கறது இறக்கம். இறங்கறப்போ தொடைத் தசை நீண்டுக்கிட்டே பாரத்தைத் தாங்குது. புதுசா ஆரம்பிச்சவங்களுக்கு மறுநாள், அதுக்கு மறுநாள் வலி உச்சத்துல இருக்கும். மூணாம் நாள் நடை நிக்கறதுக்கு முக்கால்வாசிக் காரணம் இந்த வலிதான், மனசு இல்ல. முதல் ரெண்டு வாரம் இறக்கம் குறைஞ்ச வழியா திரும்புங்க. தசையில பரவலா வலிச்சா அடி அளவோட தொடரலாம். மூட்டுல ஒரே இடத்துல குத்தினா நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

---

குன்னூர்_வர்க்கி

அக்கா, அடி அளவு 2 தடவை உட்கார்ந்து எழுந்தா என்ன வளரும்? அதுக்கு சும்மா இருக்கலாமே.

இன்னொண்ணு, எல்லா வாட்ஸ்அப் குரூப்புலயும் சுத்தற கணக்கு: தினமும் 1% முன்னேறினா வருஷக் கடைசியில 37 மடங்கு. நிஜமாவா?

---

மஞ்சூர்க்காரி

தசை வளராது தம்பி. அது தசைக்குப் போட்ட அளவு இல்ல. கீசர் சுவிட்சுக்கும் நாற்காலிக்கும் நடுவுல இருக்கற தடம் புல் மூடாம இருக்கறதுக்குப் போட்டது. தோட்டத்துல தினமும் ஒருத்தர் நடந்தாப் போதும், ஒத்தையடிப் பாதை மூடாது. பத்து நாள் யாரும் போகலேன்னா உண்ணிச்செடி வந்து அடைச்சுக்கும்.

---

கூக்கல்மேகம்

37 மடங்குக் கணக்கு: 1.01-ஐ 365 தடவை பெருக்கினால் 37.78. பெருக்கல் சரி. உலகம்தான் அப்படி இல்லை. வங்கியில் வட்டி அசலில் சேரும். உடம்பிலும் திறமையிலும் அப்படிச் சேர்வதில்லை. இன்று 10 தடவை உட்கார்ந்து எழுபவர் அடுத்த வருடம் இதே நாளில் 377 தடவை எழப்போவதில்லை. எந்தத் திறமையை எடுத்தாலும் முதலில் வேகமாக ஏறும், பிறகு ஒவ்வொரு படிக்கும் முன்னதைவிட அதிகப் பயிற்சி கேட்கும்.

இந்தக் கணக்கை நம்புகிறவர்களுக்குத்தான் ஆபத்து. மூன்றாவது மாதத்தில் ஏற்றம் மெதுவாகும்போது "எனக்கு வேலை செய்யவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். அது கோளாறு அல்ல, வளைவின் இயல்பு.

கூட்டல் கணக்கே போதும், அதுவே பெரிதுதான். தினம் 10 பக்கம் என்றால் வருடம் 3,650 பக்கம், 240 பக்கப் புத்தகம் 15. அடி அளவாகத் தினம் 2 பக்கம் மட்டும் போனால்கூட 730 பக்கம், மூன்று புத்தகம். தினம் ஒரு குறள் என்றால் 1,330 நாள், மூன்று வருடம் எட்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. பெருக்கிக் காட்டி யாரும் பயமுறுத்த வேண்டியதில்லை.

---

வட்டக்கானல்வாசி

நாலாவது கேள்விக்கு யாரும் இன்னும் வரலை. வளர்றோமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நம்ம கொடைக்கானல்லயே அதுக்கு ஒரு பாடம் இருக்கு. சூரிய ஆய்வகம், 1899-ல நிறுவினது. 1904-ல இருந்து சூரியனோட வெள்ளொளிப் படம், 1907-ல இருந்து கால்சியம் ஒளியில படம், 1912-ல இருந்து ஹைட்ரஜன் ஒளியில படம். வானம் தெளிஞ்ச நாள்ல எல்லாம் எடுத்து, நூறு வருஷத்துக்கு மேல அடுக்கி வச்சிருக்காங்க. ஒரு நாள் தட்டை, அதாவது அன்னிக்குப் படம் பதிஞ்ச தகட்டை, எடுத்துப் பார்த்தா என்ன தெரியும்? ஒரு வட்டம், அதுல நாலு கறுப்புப் புள்ளி. அடுத்த நாள் தட்டுல அதே புள்ளி கொஞ்சம் தள்ளி இருக்கும், அவ்வளவுதான். சூரியப் புள்ளி கூடிக் குறையற சுற்று சுமார் 11 வருஷம். அது எந்த ஒரு தட்டுலயும் இல்லை, அடுக்குலதான் இருக்கு. சூரியப் புள்ளியோட விளிம்புல வாயு வெளிப்பக்கமா பாயுதுன்னு ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில கண்டது இதே இடத்துல. இன்னிக்கும் அதை எவர்ஷெட் விளைவுன்னுதான் சொல்றாங்க.

இதுல நமக்கு எடுத்துக்க வேண்டியது "தினமும் செய்" மட்டும் இல்லை. அது தெரிஞ்சதுதான். மேகம் மூடின நாளுக்குப் படம் கிடையாது. அந்த இடம் காலியாத்தான் இருக்கும், நேத்தைய படத்தை எடுத்து இன்னிக்கு ஒட்ட மாட்டாங்க. அதே மாதிரி, அளக்கிற முறையை அடிக்கடி மாத்தினா முந்தின படத்தோட பிந்தின படத்தை ஒப்பிடவே முடியாது.

நாம தப்பு பண்றது இங்கதான். முதல் வாரம் நடையை நிமிஷத்துல எழுதுவோம், அடுத்த வாரம் போன்ல காலடி எண்ணிக்கை, அதுக்கடுத்து கிலோமீட்டர். ஆறு மாசம் கழிச்சு மூணு பாஷையில நோட்டு இருக்கும், ஒண்ணையும் ஒண்ணோட வச்சுப் பார்க்க முடியாது.

தினமும் எழுத வேண்டியது செஞ்சோமா இல்லையா, அவ்வளவுதான். வளர்ச்சியைத் தினமும் அளக்காதீங்க. 28 நாளுக்கு ஒரு தடவை, ஒரே மாதிரி அளங்க. நடைக்கு: வீட்டுப் பக்கத்துல 300 மீட்டர் போல ஒரு ஏத்தம். அதே ஏத்தம், அதே நேரம், சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு. ஏற எத்தனை நிமிஷம், உச்சியில ஒரு நிமிஷம் நின்னப்புறம் 30 விநாடியில நாடி எத்தனை தடவை துடிக்குது. இந்த ரெண்டு எண் போதும். முதல் 28 நாள்ல நேரம் அதிகமா குறையாது, நாடி இறங்கும். நேரத்தை மட்டும் பார்த்தவங்க "ஒண்ணும் ஆகலை"ன்னு விட்டுடுவாங்க.

---

கேத்தி_கேரட்

எழுதறதுக்கு நோட்டா, போன் ஆப்பா?

---

வட்டக்கானல்வாசி

சுவர்ல மாட்டற மாதக் காலண்டர், பெரிய கட்டம் போட்டது. கொக்கி எங்கயோ அங்கயே மாட்டணும்: கீசர் சுவிட்சுக்குப் பக்கத்துல, இல்ல பாத்திரம் கழுவற இடத்துக்கு மேல. படுக்கையறையில மாட்டினா ராத்திரி நாலு நாளை ஞாபகத்துல இருந்து நிரப்புவோம், அது கணக்கில்லை, கற்பனை.

பேனா வேண்டாம், பென்சில். ஜூன் வந்துட்டா காகிதம் ஈரத்தை இழுத்துக்கும். மை பேனா ஊறும், பால்பாயின்ட் வழுக்கிக்கிட்டு விட்டு விட்டு எழுதும். பென்சில்ல ஒரு சணல் கயிறு கட்டி அதே ஆணியில தொங்க விடுங்க. பென்சில் தேடறதும் ஒரு கை வேலைதானே, மஞ்சூர் அக்கா கணக்குப்படி.

குறி மூணே மூணு. முழு அளவு செஞ்சா சாய்ந்த கோடு. அடி அளவு செஞ்சா புள்ளி. செய்யலேன்னா கட்டம் காலி, ஆனா மூலையில காரணத்துக்கு ஒரே ஒரு எழுத்து: ம மழைக்கு, உ உடம்புக்கு, வி விருந்தாளிக்கு, க கரண்டுக்கு, சு சும்மாவுக்கு. 28 நாள் கழிச்சு எழுத்துகளை எண்ணுங்க. "ம" அஞ்சு இருந்தா மனசைத் திட்ட வேண்டியதில்லை, மழை நாளுக்கு வீட்டுக்குள்ள செய்யற மாத்து வேணும்னு அர்த்தம். "சு" அஞ்சு இருந்தா அடி அளவு இன்னும் பெரிசா இருக்கு, இல்ல கொக்கி தப்பு.

---

தாண்டிக்குடி_மிளகு

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒண்ணு. குரூப் 4-க்குப் படிக்கிறவங்க, இங்கிலீஷ் வார்த்தை சேர்க்கிறவங்க எல்லாரும் விழுகிற குழி ஒண்ணுதான்.

1885-ல எபிங்ஹாஸ்ங்கிற ஜெர்மன்காரரு அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் பண்ணி, தன் மறதியைத் தானே அளந்தாரு. ஒரு நாள் கழிச்சு மிச்சம் சுமாரா 34%, 31 நாள் கழிச்சு சுமாரா 21%. அதாவது பெரிய சரிவு முதல் நாள்லயே முடிஞ்சுருது. அதனால அதே பக்கத்தை ஒரே ராத்திரியில பத்து தடவை படிக்கிறதை விட இடைவெளி விட்டு அஞ்சு தடவை பார்க்கிறது மேல்.

முறை: கெட்டி அட்டையில ஒரு பக்கம் கேள்வி, மறு பக்கம் பதில். ஒரு அட்டையில ஒரே கேள்வி. அட்டைப் பெட்டியில அஞ்சு தடுப்பு. இது செபாஸ்டியன் லைட்னர்ங்கிறவரு 1972-ல பரப்பின முறை. முதல் தடுப்பு 1 நாள், அடுத்தது 3, 7, 15, 30 நாள். சரியாச் சொன்னா அடுத்த தடுப்புக்குப் போகும். தப்பாச் சொன்னா எங்க இருந்தாலும் முதல் தடுப்புக்கு வந்துரும். பதிலைப் பார்க்கிறதுக்கு முந்தி வாய் விட்டுச் சொல்லிரணும். மனசுக்குள்ளயே "தெரியும் தெரியும்"னு திருப்பினா எல்லா அட்டையும் சரியாத்தான் இருக்கும்.

இப்பக் குழி. தினம் 5 புது அட்டை போட்டா, ரெண்டு மாசத்துல பெட்டி நிலைக்கு வரும்போது திருப்பிப் பார்க்க வேண்டியது தினம் 25. அட்டைக்கு 9 விநாடின்னா நாலு நிமிசத்துக்குள்ள. புதுசு எழுத 5 நிமிசம். மொத்தம் பத்து நிமிசம் கூட இல்லை. முதல் வார உற்சாகத்துல 20 புது அட்டை போடுறாங்க. அது 12-ஆவது நாள்ல தினம் 60, ஒரு மாசத்துல 80, ரெண்டு மாசத்துல 100, தப்பினது தனி. புதுசு எழுதவே 20 நிமிசம். முதல் வாரம் லேசாத் தெரியும், ஏன்னா திரும்பி வர்ற கூட்டம் இன்னும் வரலை. சுமை பின்னாடி வரும், அதான் ஏமாத்துது.

ஒரு வாரம் விட்டுப்போச்சுன்னா, தினம் 5 போட்ட பெட்டியில 125 அட்டை காத்துக்கிட்டு நிக்கும். ஒரே நாள்ல தீர்க்கப் பார்க்காதீங்க. புது அட்டையை நிப்பாட்டிரணும். தினம் 30 மட்டும், சின்ன இடைவெளித் தடுப்புல இருந்து முதல்ல. ஒரு வாரத்துல சரியாகிரும், அதுக்கப்புறம் 5. அட்டைப் பெட்டியை மூடியோட பிஸ்கட் டின்னுக்குள்ள வைங்க. மேல்பழனிச் சாரல்ல அட்டை ஊறிப்போய் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிரும்.

---

கோத்தகிரி_கவாத்து

எல்லாத்தையும் "தினமும்"னு கட்ட வேண்டியதில்லைங்க. இதுல மட்டும் எனக்கு மாத்துக் கருத்து.

தேயிலையைத் தினமும் யாரும் ஒரே செடியில பறிக்கறதில்ல. துளிர் நல்லா வர்ற காலத்துல 7 நாள்ல இருந்து 10 நாளுக்கு ஒரு சுத்து, குளிர்ல இன்னும் தள்ளிப் போகும். ரெண்டு இலை ஒரு மொட்டு வர அவ்வளவு நாள் செடிக்கு வேணும். முன்கூட்டிப் போனா எடை இல்ல. ஒரு சுத்தைத் தவற விட்டா இலை முத்திப் போகும், நார் ஏறும், ஃபேக்டரியில கழிப்பாங்க. முத்தினதை ஒடிச்சு எறிஞ்சாத்தான் அடுத்த சுத்துக்குக் கொழுந்து ஒழுங்கா வரும். அப்ப ஒழுங்குங்கிறது தினமும் செய்யறது இல்ல, அந்தச் செடியோட சுத்தைத் தவற விடாம இருக்கறது. நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா கவாத்து வேற. அந்த வருஷம் அந்தத் துண்டுல வரவு குறையும்னு தெரிஞ்சேதான் வெட்டறோம்.

நாற்காலியில உட்கார்ந்து எழற பயிற்சியைத் தினமும் முழு அளவுல செய்யச் சொல்றது எனக்குச் சரியாப் படல.

---

மஞ்சூர்க்காரி

அண்ணா சொல்றதுல பாதியை ஒத்துக்கறேன். தசைப் பயிற்சிக்கு நடுவுல 48 மணி நேரம் விடணும், ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் முழு அளவு. ஆனா நடுவுல வர்ற நாளைக் காலியா விட்டா கொக்கி அறுந்துடும். திங்கள் செஞ்சோமா, நேத்து செஞ்சோமான்னு தினமும் கணக்குப் போட வேண்டியிருக்கும். அந்தக் கணக்கே ஒரு தடை. அதனால கீசர் சுவிட்சைப் போட்டா தினமும் நாற்காலிகிட்டப் போகணும். ஒரு நாள் 10, மறுநாள் 2. கொக்கி தினமும், பாரம் ஒரு நாள் விட்டு. நடை தினமும் போகலாம், வாசிப்பும் தினமும்.

அளவைக் கூட்டறதுக்கும் ஒரு விதி வச்சுக்கங்க. கடைசி 14 கட்டத்துல 12 கட்டத்துக்கு அந்த நாளோட அளவு முழுசா முடிஞ்சிருந்தா மட்டும் கூட்டலாம், அதுவும் அஞ்சுல ஒரு பங்கு: 10 இருந்தா 12. உற்சாகம் வந்த அன்னைக்குக் கூட்டவே கூடாது. தசை ஒரு மாசத்துல பழகிடும், தசைநார் மெதுவாத்தான் வரும், மாசக் கணக்காகும். ஆறாவது வாரத்துல முட்டிக்குக் கீழ வலின்னு வர்றவங்க பல பேர் அவசரப்பட்டுக் கூட்டினவங்கதான். எழும்போது மூச்சைப் பிடிக்காம வெளிய விடுங்க.

---

கூக்கல்மேகம்

விட்டுப்போன நாளைப் பற்றியும் சொல்லிவிடலாம். ஒரு நாள் விட்டதால் பழக்கம் சாவதில்லை என்று முன்பே எழுதினேன். சாகடிப்பது அதற்கு அடுத்து வரும் எண்ணம். உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களை வைத்து ஜேனட் பொலிவி, பீட்டர் ஹெர்மன் என்ற இருவர் இதை ஆராய்ந்தார்கள். கட்டுப்பாடு கொஞ்சம் மீறப்பட்டதும் "போனது போச்சு" என்று அன்று முழுதும் அளவு மீறிச் சாப்பிடுகிறார்கள். நம் ஊரில் இதற்கு ஆய்வே தேவையில்லை, முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு என்று பாட்டிமார்களே சொல்லிவிட்டார்கள்.

போன் ஆப்களில் தொடர் எண்ணிக்கை காட்டுவது இந்த எண்ணத்துக்கு எண்ணெய் வார்க்கிறது. 57 நாள் என்று காட்டியது ஒரு சிக்னல் இல்லாத ராத்திரியில் பூஜ்யத்துக்குப் போகும். 57 நாளில் ஏறிய தடம் எங்கும் போகவில்லை, எண்தான் போயிற்று. ஆனால் எண்ணைக் காப்பாற்றத்தான் செய்துகொண்டிருந்தோம் என்றால் அன்றே நின்றுவிடும். அதனால்தான் எனக்கும் காலண்டர்தான் சரி என்று படுகிறது. காலியான ஒரு கட்டத்துக்குப் பக்கத்தில் 27 கட்டம் நிரம்பி நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது.

விதி ஒன்றே ஒன்று: அடுத்தடுத்து இரண்டு கட்டம் காலியாக விடக் கூடாது. விட்ட மறுநாள் அடி அளவு மட்டும் செய்யுங்கள். நேற்றையதையும் சேர்த்து இரட்டிப்பாகச் செய்கிறவர்கள் மூன்றாம் நாள் மறுபடி விடுகிறார்கள். பழக்கம் கடன் இல்லை, பாக்கி கட்ட.

---

குன்னூர்_வர்க்கி

கடைசியா ஒண்ணு. கீழ கோயமுத்தூர்ல சொந்தக்காரங்க கல்யாணம், அஞ்சு நாள். கீசர் இல்ல, காலண்டர் இல்ல, நாற்காலி எல்லாம் மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலி. அப்போ?

---

மஞ்சூர்க்காரி

பிளாஸ்டிக் நாற்காலியில பயிற்சி வேண்டாம், கால் அகன்று வழுக்கும். சுவரோட ஒட்டி வச்சாலும் நம்பாதீங்க. மண்டபத்துப் படிக்கட்டு போதும், கைப்பிடியைத் தொட்டுக்கிட்டு 2 தடவை ஏறி இறங்கினா அடி அளவு முடிஞ்சுது. கொக்கியை எந்த ஊருக்கும் கூட வர்ற ஒண்ணுக்கு மாத்துங்க: பல் தேய்ச்சு வாய் கொப்பளிச்சதும். கிளம்பறதுக்கு முந்தின நாளே ஒரு துண்டுச் சீட்டுல அஞ்சு கட்டம் போட்டு பர்சுல வச்சுக்கங்க, திரும்பி வந்து காலண்டர்ல ஏத்திக்கலாம். திரும்பின அன்னைக்கு முழு அளவு கிடையாது, புள்ளி மட்டும்.

---

கேத்தி_கேரட்

சணல் கயிறு, பென்சில், ஆணி எல்லாம் ஆச்சு. வேற ஏதாச்சும் விட்டுப்போச்சா?

---

வட்டக்கானல்வாசி

ஷார்ப்னர். அதையும் அதே கயித்துல கட்டுங்க. முனை மழுங்கின அன்னிக்குத்தான் முதல் காலிக் கட்டம் வரும்.